ஜிஎஸ்டி பதிவில் இருப்பது யாருடைய போன் நம்பர்?

ஓர் எலக்ட்ரிக்கல் கடைக்காரர் வங்கிக் கடிதத்தோடு என்னிடம் வந்தார். கணக்கை முடக்கிவிட்டார்கள். மாதாமாதம் பணம் கொடுத்து ஒழுங்காக ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போட்டவர். ஆனால் அவருக்குச் சரக்கு விற்றவர் அந்த பில்லைத் தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றவில்லை. அந்த பில்லில் கொடுத்த வரியை இவர் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டிருந்தார். அதைத் திருப்பிக் கட்டச் சொல்லி முதலில் நோட்டீஸ், அப்புறம் உத்தரவு. இரண்டும் ஜிஎஸ்டி இணையதளத்தில் கூடுதல் நோட்டீஸ் பகுதியில் கிடந்தன. கடைக்கு ஒரு தபால்கூட வரவில்லை. எஸ்எம்எஸ் எல்லாம் பதிவு எடுத்துக் கொடுத்தவரின் போனுக்குப் போயிருக்கிறது. மேல்முறையீட்டுக்கான 3 மாதமும், தாமதத்துக்குத் தரும் 1 மாதமும் முடிந்தபின்தான் இவருக்கு விஷயமே தெரிந்தது.

அதனால் பில்லிங் சாஃப்ட்வேர் வாங்குவதெல்லாம் அப்புறம். முதலில் பதிவில் உங்கள் போன் நம்பரும் மெயிலும் இருக்கட்டும். லாகின் கையில் இல்லையா? பான் கார்டு, பதிவுச் சான்றிதழோடு உங்கள் சரகத்து வரி அலுவலகத்துக்குப் போங்கள். "ஆடிட்டரை வரச் சொல்லுங்க" என்பார்கள். திரும்பி வந்துவிடாதீர்கள். நம்பரை மாற்றும் வசதி அந்த அதிகாரியிடமே இருக்கிறது. மனு கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள்.

பதிவு யாருக்குத் தேவை? தமிழ்நாட்டில் சரக்கு விற்பவருக்கு வருடம் 40 லட்சம், சேவைத் தொழிலுக்கும் ஹோட்டலுக்கும் 20 லட்சம் தாண்டினால். இது லாபம் இல்லை, மொத்த விற்பனை. ஒரே பான் எண்ணில் இரண்டு கடை இருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். வரி இல்லாத சரக்கை மற்றதோடு சேர்த்து விற்றால் அதுவும் கணக்கில் வரும். பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

வாடகைக் கடை என்றால் சார்பதிவாளரிடம் பதிவு செய்த வாடகை ஒப்பந்தமும், உரிமையாளர் பெயரில் சொத்து வரி ரசீதோ கரண்ட் பில்லோ ஏதாவது ஒன்றும் போதும். உரிமையாளரின் ஆதார், பான், போட்டோ கேட்கக் கூடாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஏப்ரலிலேயே அதிகாரிகளுக்கு எழுதிவிட்டது. இன்னும் கேட்டால் அந்த அறிவுறுத்தலை அச்செடுத்துக் காட்டுங்கள்.

வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. போடாவிட்டால் நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு 500 வரை. விற்பனை இருந்தால் நாளுக்கு 50. மாத ரிட்டர்ன் போடுபவர் தொடர்ந்து 6 மாதம் விட்டால் பதிவை ரத்து செய்யலாம். மீட்க 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று வருடம் தாண்டிய பழைய ரிட்டர்னை இப்போது இணையதளமே வாங்காது. கடையை மூடிவிட்டால் பதிவும் தானாகப் போய்விடும் என்று இருக்காதீர்கள். ரத்துக்கு விண்ணப்பித்து, ரத்தானபின் 3 மாதத்துக்குள் கடைசி ரிட்டர்னையும் போட வேண்டும்.

வாங்கிய பில் கையில் இருந்தால் மட்டும் போதாது. விற்றவர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி மாதம் 14ஆம் தேதி இணையதளத்தில் வரும். அதில் இல்லாத பில்லுக்கு வரியைக் கழிக்காதீர்கள். விற்றவருக்கு அன்றைக்கே போன் போடுங்கள், அடுத்த சரக்குக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால்.