மூக்கைப் பிடித்தால் மருந்து எங்கே போகும்?

ஏழு மாதப் பேரனுக்குக் காய்ச்சல் மருந்தை மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றினால்தான் உள்ளே இறங்குகிறது என்றும், மருமகள் அதைத் தடுக்கிறாள் என்றும் மயிலாப்பூரிலிருந்து ஒரு பாட்டி எழுதியிருக்கிறார். மருமகள் சொல்வதே சரி.

காற்றும் உணவும் தொண்டையில் ஒரே வழியாக வந்துதான் பிரிகின்றன என்பது பள்ளிப் பாடம். ஆனால் கைக்குழந்தையின் தொண்டை நம்முடையதைப் போன்றதன்று. அதன் குரல்வளை கழுத்தில் மிக உயரத்தில், குரல்வளையின் மேலுள்ள மூடி, மேல்வாயின் மென்மையான பின்பகுதியான மெல்லண்ணத்தை ஏறக்குறையத் தொடும்படி அமைந்திருப்பதால், வாயில் வரும் பால், ஆற்றின் நடுவே நிற்கும் பாறையைச் சுற்றி ஓடும் நீரைப் போல, மூடியின் இருபுறமும் வழிந்து உணவுக்குழாயில் இறங்குகிறது. அப்படியிருந்தும் ஒவ்வொரு விழுங்கலின்போதும் மூச்சு ஒரு கணம் நின்று, குரல்வளை மூடிக்கொண்டு, பிறகே திறக்கிறது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது என்னும் இந்தத் தாளத்தைக் குழந்தைதான் போட வேண்டும். அதன் வாயில் ஊற்றுபவர் போட முடியாது.

மூக்கைப் பிடித்ததும், பெரும்பாலும் மூக்கினாலேயே மூச்சு விடும் அந்தக் குழந்தை காற்றுக்காக வாயைத் திறந்து இழுக்கிறது. இழுக்கும்போது குரல்வளை திறந்தாக வேண்டும். வாயிலோ மருந்து நிற்கிறது. புரையேறுவது இப்படித்தான். எண்ணெய் என்றால் இன்னும் மோசம்: இருமலைத் தூண்டாமலே நழுவி நுரையீரலில் தங்கி, நிமோனியாவை உண்டாக்கும். சளி எடுக்கக் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் வழக்கத்தைப் பாரம்பரியம் என்று மதிக்க என்னால் இயலவில்லை.

சங்கின் மீது பழியில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலேயே அதனால் பால் புகட்டுகிறார்கள். குழந்தையைச் சற்று நிமிர்த்தி மடியில் வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சின் நுனியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் செருகி, அரை மில்லி விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த அரை மில்லியை விட வேண்டும்.

பாட்டி கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமால் டிராப்ஸில் பொதுவாக 1 மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து. 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் என்று அச்சிட்ட சிரப்பிலோ 1 மில்லிக்கு 25 மட்டுமே. சிரப்புக்கு மருத்துவர் எழுதிய அளவை டிராப்ஸ் பாட்டிலிலிருந்து எடுத்தால், நான்கு மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.