பல் எங்கே தொடுகிறது? லோரி டிஃப்ரன்ஷியல் சேர்ப்பது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றி ஓடும் லோரியின் பின்பக்கம் ஊளையிட ஆரம்பித்தால், எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது பேரிங்கைத்தான். பேரிங் மாறும், ஊளை நிற்காது. சில லோரிகளில் முன்பைவிடக் கூடவும் செய்யும். புது பேரிங்கின் தடிமன் பழையதைவிட ஒரு மயிரிழை வேறுபட்டாலே பினியன் என்ற சிறிய பல்சக்கரம் நிற்கும் இடம் நகர்ந்துவிடும். டிஃப்ரன்ஷியல், அதாவது இஞ்சின் சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி; அதன் வேலை முழுவதும் இந்த மயிரிழைக் கணக்குதான்.

இஞ்சின் சுழற்சியைப் பினியன் கொண்டுவருகிறது. கிரவுன் வீல் என்ற பெரிய வளையப் பல்சக்கரம் அதை வாங்கிப் பக்கவாட்டில் திருப்புகிறது. கிரவுன் வீலோடு சேர்ந்த கூட்டுக்குள் இருக்கும் ஸ்பைடர் கியர்கள் எனும் சிறு பல்சக்கரங்கள் அதை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கின்றன. கிரவுன் வீல் 100 சுற்று சுற்றினால் இரு சக்கரங்களின் சுற்றுகளைக் கூட்டினால் எப்போதும் 200 வரும். வளைவில் உள்சக்கரம் 95 என்றால் வெளிச்சக்கரம் 105. செம்மண் சேற்றில் ஒன்று சிக்க, மற்றொன்று பிடிமானமில்லாமல் சுழன்றால் கணக்கு 0, 200. அப்போது ஸ்பைடர் கியர்கள் தம் குறுக்குத் தண்டில் வெறும் உலோகத்தின்மேல் உலோகமாக வேகமாகச் சுழலும். அங்கே ரோலர் பேரிங் கிடையாது, எண்ணெய்ப் படலம் மட்டுமே காவல். ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே சேற்றிலிருந்து ஏறப் பார்ப்பதில் முதலில் தீய்வது இந்தத் தண்டும் அதன் வாஷர்களும்தான். பிரித்ததும் தண்டில் நீலம் பாய்ந்திருக்கிறதா, நகத்தில் தட்டும் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரிப்பதற்கு முன்னால் இரண்டு வேலை. பினியன் பல்லுக்கும் கிரவுன் பல்லுக்கும் நடுவே ஆட்டம் கொடுக்கும் பழைய பல் இடைவெளியை டயல் கேஜ் என்ற முள் அளவுமானியில் அளந்து எழுதி வைக்க வேண்டும். பக்க பேரிங்குகளின் மூடிகளில் பஞ்ச் உளியால் இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு புள்ளி அடிக்க வேண்டும். அந்த மூடிகள் கேரியரோடு, அதாவது எல்லாவற்றையும் தாங்கும் வார்ப்புக் கூட்டோடு, சேர்த்தே துளையிடப்பட்டவை. இடம் மாறினால் பேரிங் வட்டமாக உட்காராது.

கிரவுன் வீலும் பினியனும் ஒரே ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். பழைய வண்டிப் பாகம் விற்கும் ஹாஃப்கட் கடையில் கிரவுன் ஓரிடம், பினியன் ஓரிடம் என்று வாங்கினால், பல் எண்ணிக்கை ஒத்துப்போனாலும் ஊளை நிச்சயம். பினியனில் 7 பல், கிரவுனில் 41 பல் உள்ள செட்டை எடுத்துக்கொள்வோம். விகிதம் 5.857. இரண்டும் பகா எண்கள் என்பதால், ஒரு பினியன் பல் தான் முதலில் தொட்ட அதே கிரவுன் பல்லை மறுபடி தொட 41 சுற்று ஆகும். அதற்குள் எல்லாப் பற்களோடும் அது உரசியிருக்கும், தேய்மானம் சமமாகப் பரவும்.

பினியன் ஆழம்தான் முதல் வேலை. இது தவறினால் பின்னால் செய்வதெல்லாம் வீண். பல லோரிகளில் பினியன் தனிக் கூட்டில் அமர்ந்து, அந்தக் கூட்டுக்கும் கேரியருக்கும் நடுவே ஷிம் எனும் மெல்லிய உலோகத் தகடு இருக்கும். ஷிம் கூட்டினால் பினியன் கிரவுனைவிட்டு விலகும், குறைத்தால் நெருங்கும். ஷிம் பேரிங்குக்கும் பினியன் தலைக்கும் நடுவே வரும் வகையில் இது தலைகீழ். எந்த வகை என்று பார்க்காமல் ஷிம்மில் கை வைக்காதீர்கள்.

அடுத்தது பினியன் பேரிங் பிரீலோட், அதாவது முன் அழுத்தம். இரண்டு டேப்பர் பேரிங்குகளும் கொஞ்சம் அழுத்தத்தோடே நிற்க வேண்டும். தளர்ந்தால் பாரம் ஏறும்போது பினியன் பின்வாங்கும், இறுகினால் பேரிங் வெந்துபோகும். ஆயில் சீல் போடாமல், பேரிங்கில் எண்ணெய் தடவி, நட்டை முழு இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, ரோலர்கள் அமர நாலைந்து சுற்று சுற்றிவிடுங்கள். பிறகு பினியன் கூட்டில் கயிறு சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுங்கள். தொடங்கும்போது காட்டும் எடையை விடுங்கள், சீராகச் சுழலும்போது காட்டுவதுதான் கணக்கு. 5 செ.மீ. ஆரத்தில் 4 கிலோ என்றால் 20 கிலோ-செ.மீ., ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர். உங்கள் லோரிக்கு எவ்வளவு என்பது அதன் மேனுவலில் இருக்கும். இழுப்பு போதவில்லையென்றால் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவிலுள்ள ஸ்பேசர் வளையத்தை மெல்லியதாக மாற்ற வேண்டும். நட்டைக் கூடுதலாக முறுக்கினால் ஸ்பேசர் சுருங்காது, மரைதான் போகும்.

கிரவுன் வீலைச் சூடாக்கிக் கூட்டில் இறக்குங்கள். போல்ட்டால் இழுத்து உட்கார வைத்தால் ஒரு பக்கம் தூக்கி நிற்கும். பக்க பேரிங்குகளை அமர்த்தியபின், பினியனை அசையாமல் பிடித்து, டயல் கேஜின் முனையைப் பல்லின் வெளிமுனையில் செங்குத்தாக வைத்துக் கிரவுனை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நடுத்தர லோரிகளுக்கு 0.20 முதல் 0.30 மி.மீ. வரை சாதாரணம். எழுதுதாள் இரண்டு அல்லது மூன்று சேர்ந்த தடிமன், அவ்வளவுதான். நான்கு இடத்தில் அளந்து, ஓரிடத்துக்கும் இன்னோரிடத்துக்கும் அதிக வித்தியாசம் வந்தால் கிரவுன் கோணலாக உட்கார்ந்திருக்கிறது, அடியில் தூசியோ பிசிறோ இருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். இடைவெளியைத் திருத்தும்போது பக்க பேரிங்கை அழுத்தும் வளைய நட்டை ஒரு பக்கம் எத்தனை வெட்டு தளர்த்துகிறீர்களோ, அத்தனை வெட்டு மறுபக்கம் இறுக்குங்கள். அப்போதுதான் பேரிங் அழுத்தம் மாறாது.

அளவெல்லாம் சரியாக வந்தாலும் இறுதிச் சாட்சி நீலச் சாயம்தான். கிரவுனின் எட்டுப் பற்களில் மெல்லியதாகப் பூசி, கிரவுனுக்கு மரக்கட்டையால் தடை கொடுத்துப் பினியனை இரு திசையிலும் சுற்றுங்கள். சாயம் விலகிப் பளபளக்கும் இடம்தான் பல் தொடும் இடம். பல்லின் உப்பிய பக்கம் லோரி முன்னால் இழுக்கும்போது தாங்குவது, குழிந்த பக்கம் இறக்கத்தில் இஞ்சின் பிடிக்கும்போது தாங்குவது. தடம் உயரவாக்கில் நடுவிலும், நீளவாக்கில் நடுவிலிருந்து சற்று உள்முனைப் பக்கமும் விழ வேண்டும். பாரம் ஏறினால் அது வெளிமுனையை நோக்கி நகரும், அதற்காகத்தான் அந்த இடம். தடம் பல்லின் அடியில் ஆழ்ந்து விழுந்தால் பினியன் அதிகம் நெருங்கிவிட்டது. தலையில் விழுந்தால் விலகி நிற்கிறது. இரண்டுக்கும் மருந்து ஷிம்தான். வெளிமுனையில் ஒதுங்கினால் கிரவுனைப் பினியன் பக்கம் நகர்த்துங்கள், உள்முனையில் ஒதுங்கினால் விலக்குங்கள். ஷிம் மாற்றியதும் பல் இடைவெளியும் மாறும், மறுபடி அளக்க வேண்டும். மூன்று நான்கு முறை பிரித்துச் சேர்ப்பது இந்த வேலையில் சாதாரணம். அலுப்பில் "போதும்" என்று மூடியவைதான் சீக்கிரம் திரும்பி வருகின்றன.

ஊற்றும் கியர் எண்ணெய் ஜிஎல்-5 தரமாகவே இருக்கட்டும். பினியன் கிரவுனின் மையத்துக்கு விலகி நிற்கும் ஹைப்பாய்டு வகைப் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன, இஞ்சின் ஆயில் அந்த அழுத்தத்தைத் தாங்காது. அச்சின் மேலுள்ள பிரீதரை, அதாவது காற்றுத் துவாரத்தை, கழற்றி ஊதிப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெய் சீலைத் தாண்டி பிரேக் லைனிங்கில் இறங்கும். சூடான அச்சு தோட்டத்து ஓடையில் முங்கும்போது உள்காற்று சுருங்கும், பிரீதர் வழியாக மூச்சுவிட முடியாததால் சீல் வழியே தண்ணீரை இழுக்கும். எண்ணெய் பாலாகத் திரிந்திருந்தால் அது இந்தத் தண்ணீர்தான்.

முதல் எண்ணெய் மாற்றும்போது வடிகுழாய் போல்ட்டின் காந்தத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பான சாம்பல் நிறப் பசை புதுப் பற்கள் பழகுவதால் வருவது, துடைத்துவிட்டு மூடலாம். விரலில் குத்தும் செதில் இருந்தால் லோரியை வெளியே அனுப்பாமல், மறுபடி பிரியுங்கள்.