கிற்றாரின் தலையெழுத்து

போன மாரி தொடங்க முதல் ஒரு பின்னேரம், மட்டக்களப்பு டச்பார்ப் பக்கத்துப் பறங்கியர் குடும்பத்துத் தம்பி ஒருவர் தன் அப்பப்பாவின் இலெக்ட்ரிக் கிற்றாரைப் பழைய பெட்சீற்றில் சுற்றி என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மேலே முழுக்கக் கறுப்புப் பெயின்ட். தலையில் வெள்ளை எழுத்தில் ஃபெண்டர் என்று பெயர், பேர்போன அமெரிக்கக் கிற்றார்க் கம்பனியின் பெயர்.

“இது ஒரிஜினல் ஃபெண்டர் அண்ணன், அறுபதுகளில வந்தது. கொழும்பில ஒருத்தர் கேட்கிறார். பெயின்ட்டைச் சுரண்டிப் புதுசா அடிச்சு, இந்தப் பழைய பிக்கப்பைக் கழட்டிப் போட்டு நல்லது ரெண்டு வைச்சுத் தாங்க. இந்தத் தடி ஒண்டு நீட்டிக்கொண்டு நிக்குது, வேலை செய்யிறதில்லை, அதையும் வெட்டி விடுங்க.”

பிக்கப் என்றால் கம்பிக்குக் கீழே இருந்து அதன் அதிர்வைப் பிடித்து அம்ப்ளிபயருக்கு அனுப்புகிற காந்தச் சாமான். நான் ஒன்றையும் செய்யவில்லை. நல்ல காலம், அவரும் அவசரப்படுத்தாமல் விட்டுவிட்டுப் போனார். மட்டக்களப்பிலும் அம்பாறைப் பக்கமும் அலுமாரி மேல், கட்டிலுக்குக் கீழே, கோயில் கொயர் அறையில் இப்படிப் பழைய கிற்றார்கள் இன்னும் எத்தனையோ கிடக்கின்றன. வைத்திருப்பவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. கேட்டு வருகிறவர்களில் சிலருக்கு நன்றாகத் தெரியும். இந்த இடைவெளியில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பழைய கிற்றாரில் கடைசியாக நம்ப வேண்டியது தலையில் இருக்கும் பெயரைத்தான். பெயர் என்பது ஒரு ஸ்டிக்கர், இல்லாவிட்டால் ஒரு தூரிகை வேலை. அதை ஒட்டப் பத்து நிமிடம் போதும். மரமும், திருகாணி ஓட்டைகளும், உள்ளே இருக்கும் வயரும் ஈயமும் அப்படி இலேசில் மாறாது. ஆகவே நான் எப்போதும் பெயரை மறந்துவிட்டுக் கழுத்திலிருந்து தொடங்குவேன்.

இந்தக் கிற்றாரின் கழுத்தைத் திருப்பிப் பார்த்த உடனேயே ஃபெண்டர் கதை முடிந்துவிட்டது. அந்தக் கால ஃபெண்டரின் கழுத்து ஒரே துண்டு மேப்பிள் மரம், மேலே ரோஸ்வுட் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இதில் பெயின்ட் தேய்ந்த இடத்தில் கோடு கோடாகத் தெரிந்தது, புத்தகத்தின் ஓரத்தைப் பார்ப்பதுபோல. மெல்லிய பலகைகள் பலதை அடுக்கி ஒட்டிச் செய்த கழுத்து. அடுத்தது நட்டுக்கு, அதாவது கழுத்தும் தலையும் சேருமிடத்தில் கம்பிகளைத் தாங்கும் சின்னக் கட்டைக்கு, பக்கத்திலேயே ஒரு பிரெட் (கழுத்துக்குக் குறுக்கே பதித்த உலோகக் கோடு), அதாவது சீரோ பிரெட். கம்பிகள் நட்டில் அல்ல, அந்தப் பிரெட்டின் மேல்தான் உட்காரும். ஃபெண்டரிலோ, இன்னொரு பெரிய அமெரிக்கக் கம்பனியான கிப்சனிலோ அந்தக் காலத்தில் இதை எதிர்பார்க்க முடியாது. ஜேர்மனிக் கிற்றார்களிலும் ஜப்பான் கிற்றார்கள் பலதிலும் இது சாதாரணம்.

பலகை அடுக்கிய கழுத்து, சீரோ பிரெட், அதோடு தம்பி வெட்டச் சொன்ன அந்தத் தடி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது என் மனதில் வந்த பெயர் ஃபிராமஸ். 1946இல் ஃபிரெட் வில்ஃபர் என்பவர் ஜேர்மனியில் தொடங்கிய கம்பனி. அறுபதுகளில் ஐரோப்பாவின் பெரிய கிற்றார்க் கம்பனிகளில் ஒன்று, ரோலிங் ஸ்டோன்ஸின் பில் வைமன் வாசித்த பேஸ் கிற்றார்களில் ஒன்றும் அவர்களுடையதுதான். அடுக்குப் பலகைக் கழுத்து அவர்களின் அடையாளம். அவர்களுடைய சில மொடல்களில் வொலியூமோடு சேர்த்து ஸ்பிரிங் போட்ட ஒரு நெம்பு இருக்கும், வாசிக்கும்போதே சுண்டுவிரலால் அதைத் தள்ளினால் சத்தம் ஓர்கனில் எழுவதுபோல மெல்ல ஏறி இறங்கும். அந்த மொடல் வரிசைக்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்ட்ராட்டோ.

இதை நான் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னதும் மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “அப்பப்பா எப்பவும் ஸ்ட்ராட்டோ ஸ்ட்ராட்டோ எண்டுதான் சொல்லுவாராம் அண்ணன். அதாலதான் ஃபெண்டர் ஸ்ட்ராட் எண்டு நினைச்சம்.” ஸ்ட்ராட் என்பது ஃபெண்டரின் பேர்போன மொடல். வீட்டு நினைவு சரியாகத்தான் இருந்தது. அதைப் பிற்காலத்து ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த பெயரோடு பொருத்திவிட்டார்கள், அவ்வளவுதான். இது மாதிரி நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் பழைய கிற்றார் வந்தால் ஸ்குரூட்ரைவரை எடுக்க முதல் வீட்டில் வயசானவர்களிடம் பேசச் சொல்லுவேன். யார் வாங்கினது, எந்தக் கலியாணத்தில் வாசித்தது, எப்போது பெயின்ட் அடித்தது, படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். எங்கள் ஊர்ப் பறங்கியர் வீடுகளில் வயலினும் மண்டலினும் கிற்றாரும் இல்லாமல் கலியாணம் நடக்காது, கபிரிஞ்ஞா நடனம் ஆட ஆள் இருக்கும் வரைக்கும் வாசிக்கவும் ஆள் இருந்தது. 2004 ஆழிப்பேரலை டச்பாரில் ஆட்களையும் வீடுகளையும் அவ்வளவையும் கொண்டுபோனது. இந்தக் கிற்றார் தப்பியது அன்றைக்கு அது புளியந்தீவில் பெரியம்மா வீட்டில் இருந்ததால். படங்கள் எல்லாம் போய்விட்டன என்றுதான் அவர்கள் சொன்னார்கள். பிறகு அவுஸ்திரேலியாவில் இருக்கும் ஒரு மாமி வாட்ஸப்பில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் அனுப்பினார். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஊகம் என்பது ஆதாரம் இல்லை, எனவே எண்ணைத் தேட வேண்டும். தலையின் பின்பக்கம் வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தது. டோர்ச்சை நேராகப் பிடிக்காமல் மரத்தோடு சாய்த்துப் பிடித்தால் பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் சின்னப் பள்ளமும் நிழல் விழுத்தும். அப்படித்தான் எண்களின் தடம் தெரிந்தது. மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தேன், சின்ன வயசில் சல்லிக்காசில் செய்வோமே, அதேதான். ஐந்து இலக்கம், ஓர் இடைவெளி, பிறகு 65, அதோடு ஆங்கில எழுத்து டி. ஃபிராமஸில் அந்தக் கடைசி இரண்டு இலக்கம் ஆண்டு, எழுத்து மாதம். ஏ என்றால் ஜனவரி, பி என்றால் பெப்ரவரி. டி ஏப்ரல். ஆக 1965 ஏப்ரல். பெயின்ட்டை ஒரு இடத்திலும் சுரண்டவில்லை.

எல்லாக் கம்பனியும் இவ்வளவு இலேசாக விடை தராது. ஃபெண்டரின் எண் அந்தக் காலத்தில் கழுத்தை இறுக்கும் இரும்புத் தகட்டில்தான் இருந்தது, தலைக்கு வந்தது 1976இல். தகட்டை நாலு ஸ்குரூவைக் கழற்றி வேறொரு கிற்றாருக்கு மாற்றிவிடலாம், ஆகவே தகட்டு எண் மட்டும் சரியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது போதாது. கிப்சன் அறுபதுகளில் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப வெவ்வேறு ஆண்டுகளுக்குப் போட்டது. அதில் எண்ணை மட்டும் பார்த்து ஆண்டு சொல்லுகிறவர் ஊகிக்கிறார். 1970இலிருந்து கிப்சன்காரர் தலையின் பின்னால் மேட் இன் யூ.எஸ்.ஏ என்று குத்தினார்கள், ஆகவே அந்தக் குத்து உள்ள கிப்சனை 1962 என்று விற்க வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

அமெரிக்கக் கிற்றார் என்றால் பிக்கார்டை, அதாவது உடலின் மேலே பூட்டியிருக்கும் பிளாஸ்டிக் தகட்டை, கழற்றி வொலியூம், டோன் கொன்ட்ரோல்களின் முதுகைப் பார்ப்பேன். அங்கே ஒரு எண் குத்தியிருக்கும். 1376632 என்று இருந்தால், முதல் மூன்று இலக்கம் செய்த கம்பனி, 137 சி.டி.எஸ், 304 ஸ்டாக்போல். அடுத்த இரண்டு ஆண்டு, கடைசி இரண்டு கிழமை. ஆக 1966இன் 32ஆம் கிழமை. இதில் ஒரு கவனம் வேண்டும். இது கொன்ட்ரோல் செய்த திகதி, கிற்றார் செய்த திகதி இல்லை. ஃபெண்டர் 1966இல் பெருந்தொகையாக வாங்கி வைத்ததால் அந்த ஆண்டுக் கொன்ட்ரோல் அறுபதுகளின் கடைசி வரைக்கும் கிற்றார்களில் வருகிறது. கிற்றார் இதைவிடப் பழையதாக இருக்க முடியாது என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும், அதுவும் ஈயம் யாரும் தொடாமல் இருந்தால். தொட்ட ஈயம் பார்த்தாலே தெரியும். கம்பனி ஈயம் ஒரே மாதிரி மங்கி இருக்கும், பிறகு வைத்தது குமிழ் குமிழாக மினுங்கும், பக்கத்தில் வயரின் தோல் உருகியிருக்கும்.

ஸ்கேலையும் எடுங்கள். நட்டிலிருந்து 12ஆவது பிரெட் வரைக்கும் அளந்து இரண்டால் பெருக்கினால் கம்பியின் நீளம் வரும். ஃபெண்டர் ஸ்ட்ராட்டுக்கு இருபத்தைந்தரை அங்குலம், 648 மில்லிமீற்றர். பாதி 324 வர வேண்டும். வராவிட்டால் தலையில் என்ன எழுதியிருந்தாலும் அந்தக் கழுத்து அதற்குரியது இல்லை.

கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா லைட் இருக்கிறதே, அதுவும் பெரிய உதவி. பழைய நைட்ரோ லெக்கர் பூச்சு அதில் வெளிர் மஞ்சள் பச்சையாக ஒளிரும், பிறகு தொட்டுப் பூசின இடம் கறுப்புத் திட்டாக நிற்கும். உடைந்து ஒட்டின தலையை நான் இப்படி இரண்டு முறை பிடித்திருக்கிறேன். துரு மட்டும் எங்கள் ஊரில் சாட்சிக்கு உதவாது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, மூன்று வருசத்துக் கிற்றாரே முப்பது வருசம்போலத் துருப்பிடிக்கும். வெளிநாட்டில் துருவைப் பார்த்து வயசு சொல்லும் வீடியோக்களை நம்பி இங்கே யாரும் காசு கொடுக்காதீர்கள். துருவின் அளவைவிட அது இருக்கும் இடம்தான் பேசும். ஸ்குரூத் தலை துருப்பிடித்து அதன் கீழே மரத்தில் வட்டமாகக் கறை ஊறியிருந்தால் அது அங்கேயே கனகாலம் இருந்திருக்கிறது. தலை துரு, கீழே மரம் வெள்ளை என்றால் யாரோ கொண்டுவந்து பூட்டியது.

எங்கள் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில் கம்பிகூடக் கிடைக்காது. அப்போது உடைந்த உடலுக்கு நம்மூர்த் தச்சர்மார் புது உடல் செய்தார்கள், பறங்கியர் தச்சு வேலைக்கும் இரும்பு வேலைக்கும் பேர்போனவர்கள். ஜப்பான் கழுத்து, மட்டக்களப்பு உடல், எங்கிருந்தோ வந்த பிக்கப் என்று ஒரு கிற்றார் இருந்தால் அது போலி இல்லை. அதை அப்படியே சொல்லி விற்றால் நேர்மை, அமெரிக்கக் கம்பனியின் பெயரைச் சொல்லி விற்றால்தான் களவு.

நான் செய்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும், இன்றைக்கும் மனதை உறுத்துகிறது. தொழில் தொடங்கின புதிதில் ஒருவர் டெயிஸ்கோ என்ற ஜப்பான் கிற்றார் கொண்டுவந்தார். பிக்கப் மேல் பொன் நிறத் தாள் ஒட்டினதுபோல இருக்கும். மலிவுச் சாமான் என்று நினைத்து இரண்டையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியது வைத்துக் கொடுத்தேன். அவரும் சந்தோசமாகப் போனார். அந்தப் பொன் தாள் பிக்கப்பை ரை கூடர் என்ற பெரிய கலைஞர் தன் ஃபெண்டரிலேயே பூட்டி வாசித்தவர் என்றும், அதைத் தேடி உலகம் முழுக்க ஆட்கள் அலைகிறார்கள் என்றும் பிறகுதான் படித்தேன். அன்றிலிருந்து என் பட்டறையில் கழற்றின எந்தச் சாமானும், ஒரு ஸ்குரூவாக இருந்தாலும், பையில் போட்டு உரிமையாளர் கையில் போகும். நீங்கள் எங்கே கொடுத்தாலும் இதைக் கேட்டு வாங்குங்கள்.

கொடுக்க முதல் படம் எடுங்கள். கல்முனையிலிருந்து ஒருவர் தன் கிற்றாரைத் தூரத்தில் ஒரு கடையில் திருத்தக் கொடுத்து வாங்கினார், சத்தம் மாறிவிட்டது என்று என்னிடம் வந்தார். திறந்தால் உள்ளே புத்தம் புதுப் பிளாஸ்டிக் பிக்கப். பழையது என்ன என்று காட்ட அவரிடம் ஒரு படமும் இல்லை, கடைக்காரர் கைவிரித்துவிட்டார். முன், பின், தலை, கழுத்துத் தகடு, முடிந்தால் பிக்கார்டின் கீழ்ப்பக்கம், எல்லாவற்றையும் போனில் எடுத்து வைத்தால் இப்படி நடக்காது. கிற்றாரோடு பழைய வால்வ் அம்ப்ளிபயர் இருந்தால் அதைமட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றின பிறகும் உள்ளே கப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும், அது ஆளைக் கொல்லும்.

சரி, தம்பியின் கிற்றாருக்கு வருவோம். மாமி அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பின்னால் 1968 என்று எழுதியிருந்ததாக மாமி சொன்னார். கலியாணப் பந்தல், வயலின்காரர் ஒருவர், பக்கத்தில் அப்பப்பா. கிற்றார் கறுப்பு இல்லை. தலையில் ஃபெண்டர் என்ற பெயரும் இல்லை. அவருடைய வலது கைச் சுண்டுவிரல், தம்பி வெட்டச் சொன்ன அதே நெம்பின் மேல் இருந்தது.

நெம்பு உடைந்திருக்கவில்லை. ஸ்பிரிங் உப்பில் இறுகிப்போய் இருந்தது, அவ்வளவுதான். கழற்றித் துடைத்து, கொன்ட்ரோலைச் சுத்தம் பண்ணி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் அசைந்தது. பிக்கப் இரண்டையும் தொடவில்லை, மீற்றரில் இரண்டும் உயிரோடுதான் இருந்தன. தலையில் இருந்த பெயரை அழிக்கவா என்று தம்பி கேட்டார். அப்பப்பாவோ அவருடைய கூட்டாளி யாரோ எழுதினது, அதுவும் அந்தக் கிற்றாரின் வரலாறுதான், விடுங்கள் என்றேன். ஆனால் விற்கும்போது முதல் வசனமாக அதைச் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னேன்.

அவர் என் பட்டறையில் நின்றே கொழும்புக்காரருக்குப் போன் எடுத்தார். ஃபெண்டர் இல்லை, ஃபிராமஸ், 1965 ஏப்ரல், பெயின்ட் பிறகு அடித்தது, உள்ளே எல்லாம் பழையது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். மறுபக்கத்து ஆள் ஆச்சரியப்படவே இல்லை. “ஓம், தெரியும்” என்று சொல்லிவிட்டு விலையை அந்த இடத்திலேயே இரண்டு மடங்காக்கினார். தம்பி யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தார். கிற்றார் இப்போது பெரியம்மா வீட்டில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கிறார்.