ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரி

போன வருடம் ஒருவர் மஞ்சள் பை நிறையக் காகிதங்களோடு என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். மனைவிக்கு மார்பில் கட்டி. "கொழுப்புக் கட்டிதான், பயப்படாதீங்க" என்று மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். 14 மாதம் கழித்து வேறு ஆஸ்பத்திரியில் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) எடுத்தபோது, புற்றுநோய் அக்குள் வரை பரவியிருந்தது.

காகிதங்களைத் தேதி வாரியாக மேசையில் அடுக்கினோம். முதல் மாதத்து ஸ்கேன் அறிக்கையின் கடைசியில், ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: திசுப் பரிசோதனை செய்து பார்க்கவும். அதை அவர்களுக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. நான் சொன்னதும் அவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

நோய் தாமதமாகத் தெரியவந்தது என்பதற்காக மட்டும் அதை அலட்சியம் என்று சட்டம் சொல்லாது. அன்றைக்கு, அந்த அறிகுறியோடு வந்தவரை, ஓரளவு திறமையுள்ள இன்னொரு டாக்டர் எப்படிப் பார்த்திருப்பார் என்பதே கேள்வி. அடுத்து, தாமதத்தால் கூடுதலாக என்ன பாதிப்பு என்றும் காட்ட வேண்டும். என் அனுபவத்தில் வழக்குகள் சறுக்குவது இங்கேதான். கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம், இப்போது மார்பையே எடுக்க வேண்டியதாயிற்று என்று இன்னொரு புற்றுநோய் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது பெரிய பலம். எல்லா வழக்குக்கும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று 2010இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அது மலேரியாவுக்கு டைபாய்டு சிகிச்சை கொடுத்த வழக்கு. புற்றுநோய் வழக்கில் நிபுணர் கருத்து இல்லாமல் நான் இறங்க மாட்டேன்.

சரி, எங்கே போவது? கட்டணம் வாங்கிய ஆஸ்பத்திரி என்றால் நுகர்வோர் ஆணையம். கட்டணம் வாங்கும் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு திறந்துவிட்ட வழி இது. நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதில் வராது. அதற்கு சிவில் கோர்ட் அல்லது உயர் நீதிமன்றம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகக் கெடு 2 வருடம். தவறு தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடச் சொல்லி வாதாடலாம். ஆனால் வயிற்றுவலியோடு 9 வருடம் இருந்துவிட்டு, உள்ளே விடப்பட்ட துணியைப் பிறகு கண்டுபிடித்த ஒரு பெண்ணின் வழக்கைக் காலதாமதம் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. அதனால் பயாப்ஸி முடிவு வந்த மாதமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

போலீஸுக்குப் போகலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் டாக்டர் மீது குற்ற வழக்கு நிற்கும் என்பது 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. நோயைக் கண்டுபிடிக்கத் தவறிய வழக்குகளில் நான் பெரும்பாலும் வேண்டாம் என்றே சொல்வேன். மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுத்தால் டாக்டரின் பதிவு மீது நடவடிக்கை வரலாம், இழப்பீடு வராது.

முதலில் ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டை, அதாவது சிகிச்சைக் குறிப்புகளை, எழுத்து மூலம் கேளுங்கள். உள்நோயாளி ஆவணங்களை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதி. பயாப்ஸி அறிக்கையோடு, எடுத்த திசுவை வைத்திருக்கும் கண்ணாடி ஸ்லைடு, மெழுகு பிளாக் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வேறு லேபில் மறுபடி பார்க்க அவை வேண்டும். மருந்துக்கடை பில்லில் மை மங்கிவிடும், உடனே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

மஞ்சள் பையோடு வந்தவரின் மனைவி, அந்த அக்கா, கீமோவுக்கு நடுவில்தான் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். ஊசி போடும் நாளில் வழக்கு வந்தால் வாய்தா கேட்போம், கொடுத்தார்கள். "நான் இல்லாமப் போயிட்டா?" என்று ஒருமுறை கேட்டார். வாரிசுகள் தொடர்ந்து நடத்தலாம் என்றேன். வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து வராமல் இருப்பவர்களும் உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று கேட்டுப் போனால் போதும்.