பயணச்சீட்டில் மறைந்துபோகும் பன்னிரண்டரை மணி நேரம்

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் சென்ற என் நோயாளிகளில், விமானப் பயணத்திலேயே சர்க்கரை தாறுமாறாக ஏறியவர்கள் இந்த மாதம் மட்டும் மூன்று பேர். மூன்றாமவர் 66 வயது அம்மா. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். "பத்தே முக்கால் மணி நேரம்தானே டாக்டர், போய் இறங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று இன்சுலின் பேனாவைப் பெரிய பெட்டியில் வைத்துவிட்டேன்" என்றார். சான் பிரான்சிஸ்கோவில் மகன் வீட்டுக்குப் போய்ச் சோதித்தபோது சர்க்கரை 412.

அவருடைய பயணச்சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஞாயிறு இரவு 11.15-க்குச் சென்னையில் புறப்பாடு. சிங்கப்பூரில் மாறி, திங்கள் காலை 10 மணிக்குச் சான் பிரான்சிஸ்கோ. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பத்தே முக்கால் மணி நேரம் வரத்தான் செய்யும். ஆனால் புறப்படும் நேரம் சென்னைக் கடிகாரத்தின்படியும், இறங்கும் நேரம் சான் பிரான்சிஸ்கோ கடிகாரத்தின்படியும் அச்சாகிறது என்பதை எத்தனை முறை சொல்வது? அந்த ஊர் நம்மைவிடக் கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் பின்தங்கியது. அவர் போனது கோடையில்; பன்னிரண்டரையைக் கூட்டினால் அவர் வழியில் கழித்தது 23 மணி 15 நிமிடம். அதே சீட்டில் சிங்கப்பூரிலிருந்து காலை 9.40-க்குக் கிளம்பும் விமானம் அதே நாள் காலை 10 மணிக்கு இறங்குவதாக இருக்கிறது. 13,600 கிலோமீட்டரை 20 நிமிடத்தில் எந்த விமானமும் கடக்காது. அது பதினைந்து மணி நேரத்துக்கும் மேலான பயணம்.

கடிகாரம் எதைக் காட்டினாலும், கடைசி ஊசிக்குப் பிறகு கழிந்த மணி நேரத்தைத்தான் உடல் கணக்கில் வைக்கிறது. "அமெரிக்கா போக எத்தனை யூனிட் டாக்டர்?" என்று கேட்பவர்களுக்குச் சீட்டைப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை. துபாய் வழியாகப் போனால் பகல் நீளும். சிங்கப்பூர் வழியாகப் போனால் சுருங்கும். ஊர் ஒன்றானாலும் ஊசி போடும் நேரங்கள் ஒன்றல்ல.

இன்சுலினும் மாத்திரைகளும் சோதனைக் கருவியும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கறைக் குளிரில் இன்சுலின் உறைந்துவிடக்கூடும். உறைந்தது பிறகு உருகினாலும் உதவாது. மருந்துச்சீட்டின் நகலையும் அதோடு வையுங்கள். இறங்கும்வரை கைக்கடிகாரத்தைச் சென்னை நேரத்திலிருந்து மாற்றாதீர்கள். உணவுக்கு முன் போடும் ஊசியை, உணவுத் தட்டு உங்கள் கைக்கு வருவதற்கு முன் போடவே போடாதீர்கள். விமானம் குலுங்கினால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், சர்க்கரை இறங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்து வாருங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: சீட்டு எடுத்து அனுப்பும்போது, மொத்தப் பயணம் எத்தனை மணி நேரம் என்று பெற்றோரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே அவர்களை மருத்துவரிடம் அனுப்புங்கள், திரும்பி வரும் சீட்டையும் சேர்த்துக் கொடுத்து. எதிர்க்காற்றால் வரும்போது சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் மட்டுமே ஏறத்தாழ 17 மணி நேரம் பிடிக்கும்; அதற்கான ஊசிக் கணக்கைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.