கன்று இலவசம், சரி. குழியில் சாம்பல் போடலாமா?

தோட்டத்தில் மரம் வைக்கத் தமிழ்நாடு வேளாண்மைத் துறையே இலவசமாகக் கன்று தருகிறது. 2021-22இல் தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் என்ற திட்டம் இது. வரப்போரமாக வைத்தால் ஏக்கருக்கு 50 கன்று, நிலம் முழுக்க வைத்தால் 160. தேக்கு, மகாகனி, வேங்கை எல்லாம் பட்டியலில் உண்டு. உழவன் செயலியில் பதியலாம். செயலி ஒத்துவராதவர்கள் சிட்டா, ஆதார் நகலோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கலாம்.

பலரும் கேட்காமல் விடுவது பராமரிப்புத் தொகையை. இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை, உயிரோடு நிற்கும் கன்றுக்கு வருடம் 7 ரூபாய். 160ம் பிழைத்தால் வருடத்துக்கு 1,120. தண்ணீர் விடும் கூலிக்கே காணாதுதான். ஆனால் பட்ட கன்றுக்கு அதுவும் கிடையாது.

கன்று பட்டுப்போகாமல் இருக்கக் குழியில் சாம்பல் போடலாமா என்ற பேச்சு இங்கேதான் வருகிறது. காங்கேயம் ரைஸ்மில் உமிச்சாம்பல், மேட்டூர் அனல் மின் நிலையச் சாம்பல் என்று நம் பக்கம் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. பின்லாந்தில் பீட் எனும் சதுப்புக்கரியை வெட்டி எடுத்துத் தீர்ந்த நிலத்தில் மரச்சாம்பல் போட்டு பிர்ச், பைன் மரங்களை வளர்க்கிறார்கள். அங்கே அது பலிக்கக் காரணம் மண். சதுப்புக்கரி மண் புளித்த மண், அதாவது அமில மண். தழைச்சத்து (நைட்ரஜன்) நிறைய, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) குறைவு. குறைவதைச் சாம்பல் கொடுக்கிறது, புளிப்பையும் தணிக்கிறது.

நம் மேட்டுக்காட்டில் பல இடங்களில் தோண்டினால் சுக்கான்கல், அதாவது சுண்ணாம்புக் கல். புளிப்புக்கு நேர் எதிராக, ஏற்கெனவே காரம் ஏறிய மண். அதில் மரச்சாம்பலைக் கொட்டினால் காரம் இன்னும் ஏறி, இரும்பும் துத்தநாகமும் வேருக்கு எட்டாமல் போகும். கொழுந்திலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். உமிச்சாம்பல் அவ்வளவு காரமில்லை, ஆனால் அதில் பெரும்பகுதி சிலிக்கா. உரமென்று பெரிதாக நம்ப வேண்டாம்.

அனல் மின் நிலையச் சாம்பலுக்குத் தனி விதி உண்டு. மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2021 டிசம்பர் 31 அறிவிக்கை அதை விவசாயத்துக்கு அனுமதிக்கிறது. மண் பரிசோதனையின்படி, கட்டுப்பாட்டோடு மட்டும். லாரியில் சும்மா வருகிறதென்று இறக்கிக்கொள்வது இந்த விதியில் சேராது. என்ன எரித்தார்கள் என்றே தெரியாத பாய்லர் சாம்பலைத் தோட்டத்துப் பக்கமே விடாதீர்கள்.

வால்பாறைப் பக்கம் மண் புளிப்பு. பரிசோதனை முடிவும் அப்படியே சொன்னால் மரச்சாம்பல் அளவோடு போடலாம். மற்ற ஊர்க்காரர்கள் குழிக்கு மக்கிய தொழுவுரமும் ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் போட்டு நட்டால் போதும்.