ரொட்டேட்டர் கஃப்: சுழற்றுகிறதா, கவ்விப் பிடிக்கிறதா?

தோள் வலிக்கு ஸ்கேன் எடுத்தவர்கள் பலருக்கும் பழகிப்போன சொல் இது. ரிப்போர்ட்டில் 'ரொட்டேட்டர் கஃப்' என்று போட்டிருக்கும். என்னவென்று கேட்டால் 'தோள்ல ஒரு தசை' என்பார்கள். ஒரு தசை இல்லை, நான்கு. நான்கும் தோள்பட்டை எலும்பில் தொடங்கி மேற்கை எலும்பின் உருண்டைத் தலையில் போய் முடிகின்றன. முடிகிற இடத்தில் அவற்றின் தசைநாண்கள் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்க்கயிறுகள்) ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, உருண்டையின் முன்புறம், மேற்புறம், பின்புறம் மூன்றையும் ஒரே பட்டியாகச் சுற்றி மூடிவிடும். அந்தப் பட்டிதான் கஃப். கீழ்ப்புறம் மட்டும் திறந்தே கிடக்கும். தோள் நழுவும்போது பெரும்பாலும் முன்னும் கீழுமாக நழுவுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

'ரோட்டா' என்றால் இலத்தீனில் சக்கரம். அதிலிருந்து சுழற்றுதல், அதிலிருந்து சுழற்றுகிற ஒன்று, அதாவது ரொட்டேட்டர். 'கஃப்' இன்று முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டியைக் குறித்தாலும், இடைக்கால ஆங்கிலத்தில் அது கையுறைக்கான சொல்.

தசைகளின் பெயர்களும் வாயில் நுழையாதவைதான், ஆனால் பொருள் எளிது. ஒரு கையை எதிர்த் தோளின் மேலாகப் பின்னுக்குக் கொண்டுபோய்த் தடவிப் பாருங்கள், தோள்பட்டை எலும்பில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்படும். அதை இலத்தீனில் 'ஸ்பினா', முள் என்றார்கள். முள்ளுக்கு மேலே இருப்பது சுப்ராஸ்பினேட்டஸ், கீழே இருப்பது இன்ஃப்ராஸ்பினேட்டஸ். மேல்முள் தசை, கீழ்முள் தசை என்றாலே போதும். அதற்கும் கீழே சின்னதாக உருண்டு கிடப்பது டெரஸ் மைனர். நான்காவது சப்ஸ்கேபுலாரிஸ், எலும்பின் உட்பக்கம் விலாவைப் பார்த்தபடி மறைந்திருக்கும்.

சரி, இவை சுழற்றுகின்றனவா? கீழ்முள் தசையும் டெரஸ் மைனரும் கையை வெளிப்பக்கம் திருப்பும், சப்ஸ்கேபுலாரிஸ் உள்பக்கம் திருப்பும். மேல்முள் தசைக்குத் திருப்புவதில் பெரிய பங்கில்லை, அது கையைப் பக்கவாட்டில் தூக்க உதவுவது. ஆக, பெயர் மூன்று தசைகளுக்குத்தான் பொருந்துகிறது, அந்த மூன்றுக்கும்கூட அது முக்கிய வேலை இல்லை என்பதுதான் என் வாதம்.

ஏனென்றால் தோள் மூட்டின் கிண்ணம் அவ்வளவு ஆழமற்றது. இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ஆழமான குழியில் உட்கார்ந்திருக்கிறது. தோளிலோ ஒரு நேரத்தில் உருண்டையின் மூன்றில் ஒரு பங்குகூட கிண்ணத்தைத் தொடுவதில்லை. அதனால்தான் உடலிலேயே அதிகமாக அசைகிற மூட்டு இது, எளிதில் நழுவுகிற மூட்டும் இதுதான். இப்போது கையைத் தூக்குங்கள். தோளின் மேல் தெரியும் பெரிய தசை டெல்டாய்டு (கிரேக்க எழுத்து டெல்டாவின் முக்கோண வடிவம், அதனால் அந்தப் பெயர்) இழுக்கத் தொடங்கும்போது, அதன் இழுப்பு எலும்பை வெளியே வீசுவதைவிட மேல்நோக்கித் தள்ளுவதாகவே இருக்கும். தடுக்க ஆளில்லாவிட்டால் உருண்டை மேலே ஏறி, கூரைபோல் நிற்கும் அக்ரோமியன் எலும்பில் முட்டும். அந்த நேரத்தில் உருண்டையைக் கிண்ணத்தோடு அழுத்திக் கீழே பிடித்துவைப்பவை இந்த நான்கும்தான். முதல் 15 டிகிரி வரை மேல்முள் தசை, பிறகு டெல்டாய்டு என்று பழைய பாடங்களில் இருக்கும். தசைகள் வேலை செய்யும்போது எழும் மின்துடிப்பைப் பதிந்து பார்த்தபோது இரண்டும் முதலிலிருந்தே சேர்ந்து வேலை செய்வது தெரிந்தது.

சுழற்றுவது எதற்கு என்று நீங்களே பார்க்கலாம். தோள் வலி இல்லாதவர்கள் முழங்கையை நீட்டி, கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி கையை உள்பக்கம் திருப்பிப் பக்கவாட்டில் உயர்த்துங்கள், தோள் மட்டத்துக்குச் சற்று மேலே போனதும் தடைபடும். கட்டைவிரல் மேலே வரும்படி திருப்பிக்கொண்டு மறுபடி உயர்த்தினால் காதோரம் வரை சுலபமாகப் போகும். எலும்புத் தலையின் வெளிப்புற முண்டு கூரையில் இடிக்காமல் பின்னால் ஒதுங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம், கை தொங்கும் நிலையிலிருந்து காதோரம் வரை உயர்ந்த அந்த 180 டிகிரியும் மூட்டு மட்டும் செய்தது இல்லை. சுமார் 120 உருண்டையும் கிண்ணமும் கொடுத்தது, மீதி 60 தோள்பட்டை எலும்பே விலாவின் மேல் வழுக்கித் திரும்பிக் கொடுத்தது. இந்த இரண்டுக்கு ஒன்று கணக்கை இன்மன், சாண்டர்ஸ், அபட் ஆகிய மூவரும் 1944-இல் எழுதினார்கள். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும்.

தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'சுழற்றும் சுற்றுப்பட்டி' என்று வரும், தப்பில்லை, ஆனால் ஆங்கிலப் பெயரின் குறையும் கூடவே வந்துவிடும். 'தோள் கவ்வுதசைகள்' என்று வைக்கலாம் என்பேன். கவ்வு என்பதில் பிடிமானம் இருக்கிறது, வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது, வாயிலும் நிற்கும். நாண்கள் சேர்ந்த பட்டியை மட்டும் தனியே சொல்ல வேண்டுமென்றால் 'கவ்வுநாண் பட்டி'.

தோள் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்று கழுத்தோரத்து மேட்டைத்தான் தோள் என்கிறோம், முன்பு மேற்கையும் தோள்தான். தோள்வளை மேற்கையில் அணியும் நகை, கன்னடத்தில் தோளு என்றால் இன்றும் கை. கவ்வுதசை வலி பெரும்பாலும் மூட்டின் உச்சியில் தெரியாமல் மேற்கையின் வெளிப்பக்கம் இறங்கித் தெரியும். அதைத் 'தோள்பட்டை வலி' என்றால் முதுகுப்பக்கத் தட்டையெலும்பைக் காட்டிவிடுகிறது, வெறுமனே 'தோள் வலி' என்பதே சரியாக இருக்கிறது.

இன்னொன்று, ரிப்போர்ட்டில் வரும் 'டேர்'. கிழிசல் என்றதும் துணி இரண்டாகப் போன மாதிரி பயந்துவிடுகிறோம். நாணின் தடிமனில் ஒரு பகுதி மட்டும் பிய்ந்திருந்தாலும் அதே சொல்தான், அதனால் பகுதிக் கிழிவா, முழுக் கிழிவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலியே இல்லாத முதியவர்கள் பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் கிழிவு தெரிவதுண்டு.